மாடிப்படிக்குக் கீழே நின்ற ஆள்

போன மாதம் ஒரு வீட்டு வேலை வந்தது. திண்டுக்கல்லுக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனை, 30-க்கு 50. பிளான் போட்டுக் கொண்டுபோய் அந்த வீட்டு மகனிடம் காட்டினேன். எல்லாம் பிடித்திருந்தது. ஒரே ஒரு மாற்றம் மட்டும் கேட்டார். மாடிப்படி லேண்டிங்குக்கு, அதாவது படி பாதியில் திரும்புகிற மேடைக்கு, கீழே தன் அம்மாவுக்கு ஒரு பாத்ரூம் வேண்டும். "அந்த இடம் சும்மாதானே சார் கிடக்குது, நாலுக்கு ஆறு வருதே" என்றார்.

காகிதத்தில் வரத்தான் செய்கிறது. ஆனால் தளத்துக்குத் தளம் 10 அடி, 6 அங்குலப் படியாக 20 படிகள். பாதியில் லேண்டிங் வைத்தால் அது 5 அடி உயரத்தில் நிற்கும். அதில் கான்கிரீட் பலகைக்கு 5 அங்குலம் போனால் கீழே மிஞ்சுவது 4 அடி 7 அங்குலம். கணக்கைச் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் விரல் பிளானில் அந்தக் கட்டத்தின் மேலேயே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மடிக்கணினியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ராத்திரி உட்கார்ந்து வீட்டை ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளில் எழுப்பி, லேண்டிங்குக்குக் கீழே 5 அடி 2 அங்குல உயரத்தில் ஒரு மனித உருவத்தையும் நிறுத்தி வைத்திருந்தேன். மகன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பிளான் என்ற ஒன்றை வாழ்க்கையில் அவர் படித்ததில்லை.

"தம்பி, அந்த ஆளுக்குத் தலையக் காணோமே?"

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. நான் லேண்டிங்கை மேலே இழுத்தேன். முதல் ஏற்றத்தில் 15 படி, திரும்பி 5 படி. கீழே 7 அடி 1 அங்குலம் கிடைத்தது, தலை வெளியே வந்தது. ஆனால் 7½ அடி நீளமாக இருந்த முதல் ஏற்றம் 11 அடி 8 அங்குலமாக நீண்டு கூடத்துக்குள் புகுந்துவிட்டது. அதையும் அந்த அம்மாவேதான் பார்த்தார். "கூடத்துல கை வைக்காதப்பா. வாசல்ல கார் நிறுத்துற இடம் எதுக்கு அவ்ளோ பெருசு? அதச் சுருக்கு." நியாயமான தீர்வு. மகனுக்கும் எனக்கும் அது தோன்றவில்லை.

அன்று வண்டியில் திரும்பி வரும்போது, கணினித் திரையின் முப்பரிமாணத்தில் நான் மயங்கிக் கிடந்த 2007-ஆம் வருஷ ஞாபகம் வந்தது. பாலிடெக்னிக் முடித்த புதிது. விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்கிற உபுண்டு என்ற இயங்குதளத்தின் சிடியை அப்போது இலவசமாகவே வெளிநாட்டிலிருந்து தபாலில் அனுப்புவார்கள். அந்த அக்டோபரில் வந்த 7.10 பதிப்பில் காம்பிஸ் என்று, திரையில் முப்பரிமாண வித்தை காட்டுகிற ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். கொஞ்சம் அமைத்துக்கொண்டால் கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி மூன்றையும் அழுத்தியதும் திரை முழுக்க ஒரு கனசதுரமாகச் சுழலும். நான்கு முகங்களில் நான்கு மேசைகள், அதாவது டெஸ்க்டாப்புகள். திரையில் திறந்திருக்கிற மென்பொருள் ஜன்னலைப் பிடித்து இழுத்தால் ஈரத்துணி மாதிரி நெளியும். அறை நண்பர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். கணினியின் எதிர்காலமே இதுதான், இனிமேல் கோப்புகளை அலமாரியில் வைப்பதுபோல் ஆழத்தில் அடுக்கி வைப்போம் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

அப்படி நம்பியது நான் மட்டும் இல்லை. 2003-லேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 'லுக்கிங் கிளாஸ்' என்ற முப்பரிமாண மேசையைக் காட்டியிருந்தது. அதில் ஒரு ஜன்னலைத் திருப்பி அதன் முதுகில் குறிப்பு எழுதி வைக்கலாம். 2007 தொடக்கத்தில் வந்த விண்டோஸ் விஸ்டாவில் ஃப்ளிப் 3டி இருந்தது. திறந்திருக்கிற ஜன்னல்கள் எல்லாம் சாய்ந்து, சீட்டுக்கட்டை விரித்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் அதை எடுத்துவிட்டார்கள். என் கனசதுரத்தை நான் நிறுத்தியதற்கு அவ்வளவு காலம்கூட ஆகவில்லை, மூன்று மாதம்தான். எந்த முகத்தில் எதை வைத்தேன் என்று தேடிச் சுற்றிச் சுற்றியே அலுத்துவிட்டது.

ஏன் அலுத்தது என்பது படம் வரைகிற தொழிலில் கொஞ்ச காலம் இருந்த பிறகுதான் புரிந்தது. ஒரு கடிதத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் ஆழம் கிடையாது. எழுத்தை நேருக்கு நேர் வைத்துத்தான் படிக்க முடியும். சாய்த்தால் படிக்கச் சிரமம், பின்னால் தள்ளினால் சிறுத்துப்போகும், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். கையில் இருக்கும் மவுஸும் மேசைமேல் இரண்டு திசைகளில்தான் நகரும். மூன்றாவது திசைக்கு ஒரு விசையையோ நடுச்சக்கரத்தையோ சேர்த்து அழுத்த வேண்டும். நியூசிலாந்தில் காக்பர்ன், மெக்கென்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-இல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பக்கங்களைத் தட்டையாகவும் ஆழத்திலும் அடுக்கச் சொல்லி, பிறகு தேடி எடுக்கச் சொன்னார்கள். கணினியிலும் செய்தார்கள், நிஜ அட்டைகளை வைத்தும் செய்தார்கள். இரண்டிலும் ஆழம் கூடக் கூட ஆட்களுக்குத் தேடுவது கடினமானது, இடமும் குப்பையாகத் தெரிந்தது. நிஜ அட்டையிலும் அப்படித்தான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்படியானால் குறை, திரைக்குப் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டில் இல்லை.

எக்செலில் முப்பரிமாண வட்ட வரைபடம் போடுகிறவர்களிடம் இதனால்தான் நான் சண்டைக்கே போவேன். வட்டத்தைச் சாய்த்தால் முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகத் தெரியும், அதன் விளிம்பும் சேர்ந்து இன்னும் பெரிதாகும். இரண்டு துண்டுகளும் ஒரே அளவுதான் என்றாலும் கண் நம்பாது. வீட்டுச் செலவில் சிமென்ட் எவ்வளவு, கம்பி எவ்வளவு என்று ஒருவருக்குக் காட்டும்போது இப்படிச் செய்வது தவறு.

ஒரு விதத்தில் முப்பரிமாணம் அன்றாட மென்பொருளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. மேக்கில் 2002-இலிருந்தும், விண்டோஸில் விஸ்டாவிலிருந்தும், நாம் பார்க்கிற ஒவ்வொரு ஜன்னலும் கிராபிக்ஸ் கார்டுக்குள் ஒரு மெல்லிய தகட்டின்மேல் ஒட்டிய படம்தான். விளையாட்டில் சுவரையும் மரத்தையும் வரைகிற அதே வேலை, அதே சில்லு. ஜன்னலை இழுக்கும்போது வெள்ளைத் தடம் விழாமல் சீராக நகர்வதற்கு அதுதான் காரணம். காம்பிஸின் கனசதுரம் போய்விட்டது, அதைச் சுழற்றிய இயந்திரம் மட்டும் எல்லோர் மேசையிலும் தங்கிவிட்டது.

பிரவுசருக்கும் அது வந்து சேர்ந்தது. பிரவுசருக்குள் முப்பரிமாணம் வரைய உதவும் வெப்ஜிஎல் 2011-இல் வந்ததிலிருந்து, தனியாக எதையும் நிறுவாமலே ஒரு பக்கத்துக்குள் முப்பரிமாண மாடலைச் சுழற்ற முடிகிறது. இன்று என்னால் பிரவுசரிலேயே சுவர் எழுப்ப முடிகிறது. 2012-இல் எங்கள் பக்கம் ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. மாடலிலிருந்து வீட்டு முகப்பின் ஒரே ஒரு எலிவேஷன் படத்தைக் கணினி வரைந்து முடிக்க ராத்திரி முழுக்க ஓடும். விடியற்காலையில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, முக்கால்வாசி முடிந்த படம் அப்படியே போன நாட்கள் நிறைய. இப்போது வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே ஜன்னலைக் கிழக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவருக்கு மாற்றி, மார்கழியில் காலை 8 மணி வெயில் எங்கே விழும் என்று உடனே காட்ட முடிகிறது.

எங்கள் தொழிலில் '3டி எலிவேஷன்' என்றால் என்ன என்று இப்போது எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் தெரியும். வீடு கட்டுகிற எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் முன்பக்க அழகுக்காக, வர்ணம் பார்க்கத்தான் கேட்கிறார்கள். அது எனக்கு வருத்தம். கிழக்குப் பார்த்த முகப்பில் எந்தக் கல் ஒட்டலாம் என்பதைவிட, படியில் ஏறும்போது தலை இடிக்குமா, லாஃப்டுக்குக் கை எட்டுமா, சமையல் மேடையில் நின்றால் வாசல் தெரியுமா என்பதற்குத்தான் இது உண்மையில் உதவும். பிளான் என்பது படிக்கத் தெரிந்தவர்களின் மொழி. அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போகிறவர்களுக்கு அநேகமாக அந்த மொழி தெரியாது. பணம் கட்டுகிறவர் கையெழுத்துப் போடுவார். நாள் முழுக்க அதற்குள் நடமாடப்போகிறவர் கிரகப்பிரவேசத்தன்றுதான் முதல்முறை பார்ப்பார். முப்பரிமாணத்துக்கு அன்றாட மென்பொருளில் ஒரு இடம் உண்டென்றால், என்னைப் பொறுத்தவரை அது இங்கேதான் இருக்கிறது. எதற்கு நிஜத்திலேயே ஆழம் இருக்கிறதோ, அதைச் சாதாரண மனிதர்களுக்குக் காட்டுகிற இடத்தில்.

மைக்ரோசாஃப்ட் ஒரு கட்டத்தில் இதை எல்லோருக்கும் கொண்டுபோகப் பார்த்தது. 2017-இல் விண்டோஸ் 10-இல் பெயின்ட் 3டி வந்தது. கணினியைத் திறந்தால் டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் பக்கத்தில் '3டி ஆப்ஜெக்ட்ஸ்' என்று ஒரு அடைவும் இருக்கும். நான் பார்த்த கணினிகளில் எல்லாம் அது காலியாகவே இருந்தது. 2024 நவம்பரில் பெயின்ட் 3டியை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாடல் செய்ய ஆள் இல்லை, செய்தாலும் அதை யாருக்கு அனுப்புவது?

எனக்கு இன்று இருக்கிற பெரிய தடையும் இந்த அனுப்புவதுதான். போட்டோ எடுத்தால் எந்தப் போனிலும் திறக்கும், பிடிஎஃப்பும் அப்படியே. மாடல் அப்படி இல்லை. பிடிஎஃப்புக்குள்ளேயே முப்பரிமாண மாடலை வைக்கிற வசதி 2005 வாக்கிலேயே வந்தது, ஆனால் சாதாரணமாகப் போனில் பிடிஎஃப் பார்க்கிற செயலிகளில் அது சுழலாது. ஆண்ட்ராய்டு ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்கிறது, ஜிஎல்டிஎஃப். ஐபோன் இன்னொன்றை, யுஎஸ்டி. முதலாவது 2022-இல் சர்வதேசத் தரமாகவே ஆகிவிட்டது. இரண்டாவதைப் பொதுத் தரமாக்க 2023-இல் பிக்ஸார், அடோபி, ஆப்பிள், ஆட்டோடெஸ்க், என்விடியா சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கின. நான் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். தலையில் மாட்டி முப்பரிமாணம் பார்க்கிற பல லட்ச ரூபாய்க் கண்ணாடிகளை விடவும் இதில்தான் எனக்கு நம்பிக்கை. ஒரு பாட்டியின் போனுக்கு ஒரு வீடு வந்து, அவர் விரலால் தொட்டால் திறந்து, திருப்பினால் திரும்ப வேண்டும். அதற்கு வேண்டிய சில்லு இப்போதே அந்தப் போனுக்குள் இருக்கிறது.

அன்று கிளம்பும்போது அந்த அம்மாவும் அதைத்தான் கேட்டார். "இத என் பேத்தி போன்ல ஏத்திக் குடுத்துட்டுப் போ தம்பி, ராத்திரி பாத்துக்குறேன்." என்னால் முடிந்தது ஆறு படங்களை எடுத்து அனுப்புவது மட்டும்தான். கூடம், சமையலறை, படிக்கட்டு, பாத்ரூம், வாசல், மொட்டை மாடி.

ஒன்பது மணிக்குப் பேத்தி போனிலிருந்து குரல் செய்தி வந்தது. "தம்பி, அடுப்படிப் படத்துல அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கு? ஆட்டுக்கல்லு அங்க கொள்ளுமா?"

படத்தில் கதவுக்குப் பின்னால் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். போனேன். கதவைத் திறந்து காட்டினேன். ஆட்டுக்கல்லை டேப்பால் அளந்து, அதே அளவில் ஒரு கல் செய்து வைத்துப் பார்த்தோம். கதவு முக்கால்வாசிதான் திறந்தது. கீலை மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.