பழைய கார்பன் ஸ்டீல் கத்தி: பொறுக்குவதிலிருந்து கூர் ஏற்றுவது வரை

காயலான் கடைக் குவியலில் கார்பன் ஸ்டீல் கத்தியைக் காட்டிக்கொடுப்பதே துருதான். ஸ்டெயின்லெஸ் எவ்வளவு பழசானாலும் பெரும்பாலும் வெளுப்பாகவே இருக்கும். கார்பன் ஸ்டீல் செம்பழுப்பாகவோ கருஞ்சாம்பலாகவோ மாறியிருக்கும். அலகில் 'ஸ்டெயின்லெஸ்' அல்லது 'இனாக்ஸ்' என்று பொறித்திருந்தால் அதை வாங்காமல் திரும்ப வைத்துவிடலாம். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண் வேலை, ஏனென்றால் கத்திக்கு ஆகும் ஸ்டெயின்லெஸ் வகைகளில் பெரும்பாலானவையும் காந்தத்தில் ஒட்டும். சந்தேகமாக இருந்தால் துரு இல்லாத இடத்தைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். சாம்பல் கறை விழுந்தால் கார்பன் ஸ்டீல்தான்.

வாங்கலாமா என்று முடிவு செய்ய மூன்று குறைகளைப் பார்த்தால் போதும். மற்றதெல்லாம் உழைப்பால் சரியாகும். முதலாவது, விளிம்பில் குழித்துரு. மேலோட்டமான செந்துரு தேய்த்தால் போய்விடும். நகத்தை ஓட்டும்போது தட்டுப்படும் குழி அலகின் நடுவிலோ முதுகிலோ இருந்தால் பார்வைக்குத்தான் குறை. அதுவே விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மி.மீ.க்குள் ஆழமாக இருந்தால், சாணை பிடிக்கப் பிடிக்க விளிம்பு அந்தக் குழியைத் தொடும், அங்கே பொக்கை விழும். இரண்டாவது, வெடிப்பு. அலகும் பிடியும் சேரும் இடத்தில் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பாருங்கள்; வெடிப்பு இருந்தால் கருங்கோடாக எண்ணெய் அங்கே தங்கும். மூன்றாவது, விளிம்பில் நீல நிறம். மின்சாணையில் யாரோ சூடேற்றிப் பதத்தை, அதாவது எஃகின் கடினத்தை, போக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பாலிஷ் போட்டால் நீலம் மறையும், பதம் திரும்பாது. நீலம் போகும் அளவுக்கு அகலத்தைத் தேய்த்துக் குறைக்க இடமிருந்தால் மட்டும் எடுங்கள்.

நுனி ஒடிந்திருந்தால் கவலை இல்லை. விளிம்புப் பக்கம் தேய்க்காமல் முதுகுப் பக்கத்தைச் சாய்வாகத் தேய்த்து, முதுகை விளிம்புக்கு இறக்கிக் கொண்டுவர வேண்டும். லேசான வளைவையும் நிமிர்த்தலாம். மரக்கட்டையில் வெட்டிய பள்ளத்தில் அலகைச் செருகிக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவது நல்லது. சுத்தியலால் அடித்தால் பதம் ஏறிய எஃகு ஒடிந்துவிடலாம்.

துரு நீக்க வினிகர் எல்லோருக்கும் தெரிந்த வழி. நான் அதைக் கடைசியில்தான் எடுப்பேன். முதலில் எண்ணெய் தடவி, பழைய பிளேடு ஒன்றைப் படுக்கவைத்துச் சுரண்டினாலே பெரும்பகுதி செதிலாக உதிரும். மிச்சத்துக்கு 5 சதவீத வினிகரில் அலகை மட்டும் ஊறவிடுங்கள், பிடி நனையக் கூடாது. மணிக்கொரு முறை எடுத்து இரும்பு நாரால் தேய்த்துப் பாருங்கள். இரவெல்லாம் போட்டு மறந்தால் அமிலம் துருவோடு நல்ல எஃகையும் தின்னும், பொறித்த முத்திரையும் மங்கும். எடுத்ததும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து கழுவி அமிலத்தை முறித்து, உடனே துடைத்து எண்ணெய் போட வேண்டும். ஐந்து நிமிடம் ஈரமாக விட்டாலே புதுத் துரு பூக்கும்.

செந்துரு போனதும் கருமை தெரியும். அதை விட்டுவிடுங்கள். அந்தக் கறுப்பு ஆக்சைடு படலம் மேலும் துரு ஏறுவதைத் தாமதப்படுத்தும். கண்ணாடி போல் வேண்டும் என்று அடம்பிடித்து அதைச் சுரண்டுகிறவர்கள் மறுநாளே துருவோடு மல்லுக்கட்டுவார்கள். சொரசொரப்பு மட்டும் போக வேண்டுமென்றால் தண்ணீரில் நனைக்கும் உப்புத்தாள் 320, 600, 1000 என்ற வரிசை (எண் கூடக் கூட நைசு) போதும். தட்டையான கட்டையில் சுற்றி ஒரே திசையில் தேய்க்க வேண்டும். அடுத்த எண்ணுக்குப் போகும்போது திசையை மாற்றினால் முந்தைய கீறல் மிச்சமிருப்பது பளிச்சென்று தெரியும். முத்திரை இருக்கும் இடத்தை விரலால் மட்டும் மெல்லத் தொடுங்கள்.

கூர் ஏற்றும் இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பல காலம் சாணை கண்ட கத்தியின் அகலம் குறைந்திருக்கும். அகலம் குறையக் குறைய விளிம்பு, முதுகை நோக்கித் தடித்த பகுதிக்கு ஏறிவிடும். அதில் எத்தனை கூர் வைத்தாலும் காய் வெட்டுப்படாது, பிளந்து உடையும். ஆகவே முதலில் மெல்லிசாக்க வேண்டும். 220 எண் கல்லில் அலகைக் கிட்டத்தட்ட படுக்கவைத்து, விளிம்புக்குச் சற்று மேலே தடிமன் அரை மி.மீ.க்கும் குறைவாக வரும்வரை இரு பக்கமும் தேயுங்கள். கை வலிக்கிற வேலை, ஆனால் கத்தி மாறுவது இங்கேதான். மின்சாணையில் செய்தால் வெறுங்கையால் அலகைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறை ஓட்டிய பின்னும் தண்ணீரில் முக்குங்கள். விரல் தாங்காத சூடு வந்தால் நிறுத்த வேண்டும்.

பிறகு 1000 எண் கல். பக்கத்துக்கு 15 டிகிரி வைத்தால், 45 மி.மீ. அகலக் கத்திக்கு முதுகு கல்லிலிருந்து சுமார் 12 மி.மீ. உயரத்தில் நிற்கும். விளிம்பில் மார்க்கர் மை பூசி இரண்டு முறை இழுத்துப் பாருங்கள்: மை மேலே மட்டும் அழிந்தால் கோணம் குறைவு, வெட்டும் ஓரத்தில் மட்டும் அழிந்தால் அதிகம். எதிர்ப்பக்கம் நெடுக மெல்லிய பிசிர் விரலில் தட்டுப்படும் வரை ஒரு பக்கத்தையே தேய்த்துவிட்டு அப்புறம் திருப்புங்கள். பிடிக்கு அருகில் விளிம்பு உள்வாங்கியிருந்தால் பலகையில் வைக்கும்போது அடியில் வெளிச்சம் தெரியும். அதற்குக் காரணம் கழுத்துக் கட்டி (அலகும் பிடியும் சேரும் இடத்தில் இருக்கும் தடித்த இரும்பு) தேயாமல் நிற்பதுதான். அதையும் அரத்தால் இறக்க வேண்டும்.

மரப்பிடி காய்ந்து, சுருங்கி இரும்பு துருத்தி நின்றால் 220 உப்புத்தாளில் இரண்டையும் சமமாக்கி, சுத்தமான ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் தடவுங்கள். பிடிக்கும் இரும்புக்கும் இடையில் இடைவெளி இருந்தால் உள்ளே துரு புடைத்துக்கொண்டிருக்கும். ரிவெட்டைத் துளையிட்டு எடுத்துச் சுத்தம் செய்து, எபாக்ஸி பசையோடு புது ரிவெட் அடிப்பதுதான் வழி. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள். தந்தம் போன்ற பிடியைத் தேய்க்கும்போது கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு, தீப்பொறி படும் சாணைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

முதல் சில வாரம் வெங்காயம் நறுக்கினால் கறுக்கும், இரும்பு வாடையும் வரும். கருமை முழுதும் படிந்ததும் அது அடங்கும். அதுவரை பயன்படுத்திய கையோடு கழுவித் துடைத்து, உணவுத்தர மினரல் எண்ணெய் ஒரு துளி தடவி வையுங்கள். சமையல் எண்ணெய் பிசுபிசுத்துப் போகும். தோல் உறையும் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும்.