மோனினோவில் கிடக்கும் விவிஏ-14

மாஸ்கோவுக்குக் கிழக்கே, மோனினோ விமானப்படை அருங்காட்சியகத்தின் திறந்தவெளியில், இறக்கைகள் கழற்றப்பட்ட ஒரு விமானத்தின் உடல் பல ஆண்டுகளாக வெயிலிலும் பனியிலும் கிடக்கிறது. அதன் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. விவிஏ-14 என்ற பெயரில் பறந்த விமானம் உலகில் இது ஒன்றே; இரண்டாவதைக் கட்டத் தொடங்கியும் முடிக்கவில்லை.

இதை வடிவமைத்த ராபர்ட் பார்த்தினி இத்தாலியிலிருந்து 1923-இல் சோவியத் நாட்டுக்கு வந்து, 1938-இல் கைதாகிச் சிறையில் இருந்தபடியே விமானங்களை வரைந்தவர். அமெரிக்காவின் போலாரிஸ் ஏவுகணை நீர்மூழ்கிகளைத் தேடி அழிக்க, ஓடுபாதையே இல்லாமல் நீரிலிருந்தும் நிலத்திலிருந்தும் செங்குத்தாக எழும்பும் விமானம் வேண்டும் என்பது அவருடைய திட்டம். அதற்காக, இரண்டு பெரிய ஜெட் இன்ஜின்களோடு, மேலே தூக்குவதற்கென்று மட்டும் 12 சிறு இன்ஜின்களைப் பொருத்த எண்ணினார். அந்தப் பன்னிரண்டும் கடைசிவரை வந்து சேரவில்லை. ஆகவே 1972 செப்டம்பர் 4 அன்று அது சாதாரண விமானம் போல ஓடுபாதையில் ஓடியே முதன்முதலாக எழுந்தது. நீரில் மிதப்பதற்காக, காற்றடைத்தால் உப்பும், சுமார் 14 மீட்டர் நீளமுள்ள இரண்டு மிதவைகளைப் பின்னர் பக்கவாட்டில் பொருத்திச் சோதித்தார்கள். 1974 டிசம்பரில் பார்த்தினி மறைந்த பிறகு, அந்த மிதவைகளுக்குப் பதிலாக உறுதியான மிதவைகள் வந்தன. மூக்கின் இருபுறமும் கூடுதல் இன்ஜின்கள் ஏறின. நீர்ப்பரப்பை ஒட்டிச் சறுக்கிச் செல்லும் ஊர்தியாக அதை மாற்றும் முயற்சி நடந்தது. மொத்தம் 107 முறை பறந்த பின் திட்டம் கைவிடப்பட்டது.

இதைச் சீரமைப்பதென்றால் எந்த ஆண்டின் தோற்றத்துக்குக் கொண்டுவருவது என்பதுதான் முதலில் எழும் கேள்வி. 1972-இன் தோற்றம் வேண்டுமென்றால், பின்னால் சேர்த்தவற்றை அகற்ற வேண்டும். அதை நான் ஏற்க மாட்டேன், ஏனெனில் அந்த மாற்றங்களும் இந்த விமானத்தின் வரலாறுதான். வராத பன்னிரண்டு இன்ஜின்களின் மாதிரிகளைச் செய்து உள்ளே வைப்பது அதைவிடப் பெரிய பிழை. அவை இருக்கவேண்டிய இடம் வெற்றாகவே தெரியட்டும். புது வண்ணம் பூசுவதற்கு முன்பு, எஞ்சியிருக்கும் உலோகத்தின் அரிப்பை நிறுத்தி, அந்த உடலுக்கு மேல் ஒரு கூரை போட வேண்டும். இன்னும் சில பனிக்காலங்கள் இப்படியே போனால், சீரமைக்க எஞ்சுவது குறைந்துகொண்டே போகும்.