அச்சாரம் வாங்கக் கற்றுக்கொண்டது

எனக்குக் கிடைத்த முதல் சம்பளம் 150 ரூபாய். 1999 தை மாதம், பதினாறு வயது. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக் கல்யாணத்தில் நான் இரண்டாவது தவில். விடியற்காலை மூன்றரைக்குப் போய் உட்கார்ந்தவன் பந்தி முடிந்து தாம்பூலம் கொடுக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர் வெற்றிலைத் தட்டில் பணத்தை வைத்து நீட்டினார், எங்கள் செட்டின் பெரிய நாயனக்காரர் (நாதஸ்வரம் வாசிக்கிறவர்) அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எண்ணாமலே மடியில் கட்டிக்கொண்டார், திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு 150 வந்தது. மொத்தம் எவ்வளவு, என் பங்கு எப்படி 150 ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து இன்றுவரை தவில்தான் என் தொழில். வேறு வேலை எதுவும் செய்ததில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு வரக் கஷ்டமாக இருந்தது ஏழு ஏழாகப் போகிற மிஸ்ர நடையில் ஒரு கோர்வையோ, வேகக் காலத்தில் தவிலின் இடது பக்கமான தொப்பியில் குச்சி ஓட்டுவதோ இல்லை. நேராக முகத்தைப் பார்த்து இன்ன தொகை வேண்டும் என்று சொல்வதுதான். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இப்போது கற்றுக்கொண்டு வெளியே வருகிற பையன்களுக்கும் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

எனக்குத் தவில் சொல்லிக்கொடுத்த ஐயா வீட்டில் ஏழு வருஷம் இருந்தேன். முதல் சில மாதம் தவிலையே தொடவிடவில்லை, ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு இடது கையில் குச்சியால் தா, தி, தொம், நம் என்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம்தான் விரல்களால் வாசிக்கிற வலது பக்கம், வலந்தலை. நாயனக்காரர் எந்த இடத்தில் மூச்செடுப்பார், அவர் ஸ்வரம் முடிக்கப் போகிறார் என்பதை முந்தின தாளச் சுற்றிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, கீர்த்தனைக்கு எங்கே அடக்கி வாசிக்க வேண்டும், எல்லாம் ஐயா கொடுத்ததுதான். பணம் பற்றி மட்டும் அந்த வீட்டில் பேச்சே கிடையாது. "வித்தை இருந்தா தானா வரும்" என்பார். அவருக்கு வந்தது, அவர் காலம் அப்படி. கோயிலில் வாசிக்கிற முறை, அதற்குக் கூலியாக நெல் அளப்பு, ஊர்ப் பெரிய குடும்பங்களில் தலைமுறையாக வாடிக்கை. என் காலத்தில் அந்த ஏற்பாடு எதுவும் மிச்சமில்லை, ஆனால் கூச்சம் மட்டும் அப்படியே எங்களிடம் தங்கிவிட்டது.

எங்கள் வருமானம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இல்லை. மற்ற மாதங்களில் நல்ல முகூர்த்தம் என்று எல்லோரும் விரும்புகிற நாள் வருஷத்துக்கு ஐம்பது அறுபது தேறும், அதில் எனக்கு அமைவது முப்பத்தைந்து, நாற்பது. ஒரே நாளில் பத்துப் பேர் கூப்பிடுவார்கள், ஒன்றைத்தான் எடுக்க முடியும். மறுநாள் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அந்த நாற்பது நாள் பணத்தில்தான் வருஷம் முழுக்க அரிசி, பால், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம். கோயில் திருவிழாக்கள் இடையில் கொஞ்சம் தாங்கும். இதைப் புரியவைக்காமல் ஒரு நாள் ரேட்டை மட்டும் சொன்னால் கேட்பவருக்கு அதிகமாகத்தான் தெரியும். "ஒன்றரை மணி நேரம்தானே தம்பி, அதுக்கு இவ்வளவா" என்று கேட்டவர்கள் நிறைய. அவர்கள்மேல் தப்பு இல்லை, அவர்கள் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

கண்ணுக்குத் தெரியாதது என்ன என்று சொல்கிறேன். முதலில் கூடு. வலது கை விரல்களில் மாட்டுகிறோமே, வெள்ளையாக, தூரத்திலிருந்து பார்த்தால் பிளாஸ்திரி மாதிரி தெரியும், அதுதான். பழைய வேட்டியை விரல் அகலத்துக்கு நாடாவாகக் கிழித்து, பசை தடவி, விரலிலேயே சுற்றுச் சுற்றாகச் சுற்றி வளர்க்க வேண்டும். ஒரு சுற்று இறுகிவிட்டால் அரை மணி நேரத்தில் விரல் மரத்துப் போகும், ஒரு சுற்று தளர்ந்தால் தனி வாசிக்கும்போது கழன்று பறந்து முன்வரிசையில் விழும். கொஞ்சம் இறுகியதும் மெதுவாகத் திருகிக் கழற்றி நிழலில் காயவைத்தால் கல் மாதிரி ஆகிவிடும். ஐந்து விரலுக்கும் ஐந்து அளவு, என் கூடு இன்னொருவருக்குச் சேராது. வியர்வையில் ஊறி ஊறி நெகிழ்ந்ததும் மறுபடி கட்ட வேண்டும். சீசனுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டு ஜன்னல் திண்டில் வரிசையாகக் கூடு காய்ந்துகொண்டிருக்கும், என் மனைவி அந்தப் பக்கம் துணிகூடப் போட மாட்டாள்.

அடுத்தது தோல். தவிலின் உடல் பலா மரத்தைக் குடைந்தது, அது ஆயுசுக்கும் நிற்கும். தோல் நிற்காது. மழை ஈரத்தில் தொய்யும், பங்குனி வெயிலில் ஏறிக்கொண்டே போகும், ஏறி ஏறி ஒரு நாள் சாமி புறப்பாட்டின் நடுவில் டப்பென்று கிழியும். அதனால் இரண்டு தவிலாவது வைத்திருக்க வேண்டும். ஐயா காலத்தில் தோலை இழுத்துக் கட்டுகிற வார் பிடிப்பதே பெரிய வேலை, காலால் மிதித்துக்கொண்டு இரண்டு ஆள் இழுப்பார்கள். இப்போது இரும்பு வளையம், போல்ட், நட், பையில் ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும், ஐந்து நிமிஷத்தில் சுருதிக்கு வந்துவிடும். இழுக்கிற வேலை போனது, எடை ஏறிவிட்டது. அந்தப் பாரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு வீதியும் நின்று நின்று வாசித்துவிட்டு வந்தால் மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாது. காது வேறு. வலது காதில் எனக்குக் கொஞ்ச வருஷமாகவே சின்னச் சத்தங்கள் விழுவதில்லை. இதையெல்லாம் ரேட்டில் எங்கே எழுதுவது?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாசிப்பு என்று எடுத்துக்கொண்டால் எனக்கு மனசு நிறைவது கோயிலில்தான். புறப்பாட்டுக்கு முன் தவில் மட்டும் தனியாக ஆரம்பிக்கும், அப்புறம் நாயனம் கம்பீர நாட்டையில் மல்லாரி எடுக்கும், அந்த நிமிஷம் கூட்டம் முழுக்க நிமிர்ந்து நிற்கும். மல்லாரியிலேயே தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, சாமிக்குப் படைக்கிற தளிகைக்கு ஒன்று என்று இருக்கிறது, தெரிந்த பெரியவர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே சாமி எதற்காகப் புறப்படுகிறது என்று சொல்லிவிடுவார்கள். மன்னார்குடி பங்குனித் திருவிழா 18 நாள், அந்தப் பதினெட்டு நாளும் கேட்பதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே கிடைப்பது கல்யாணத்தில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. கல்யாண மண்டபத்தில் நல்ல பணம், கேட்கத்தான் ஆள் இல்லை. ஐயர் விரலைக் காட்டி "கெட்டிமேளம்" என்று சொல்கிற அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நாங்கள் அங்கே இருக்கிறோம். அபசகுனச் சொல், தும்மல் எதுவும் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம் என்பார்கள். தாலி ஏறும்போது என் கையில் இருக்கிற முழு பலமும் அந்தத் தோலில் இறங்கும். இத்தனை கல்யாணத்துக்குப் பிறகும் அந்த நிமிஷம் எனக்குச் சிலிர்க்கிறது.

சிறிய கோயில்களில் நிலைமை வேறு. மோட்டார் வைத்த மேளம் வந்துவிட்டது. பூஜை நேரத்தில் ஸ்விட்சைப் போட்டால் மணியும் மேளமும் தானே அடிக்கும். எங்கள் பக்கத்து ஊர்க் கோயிலில் அந்திப் பூஜைக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அந்த மெஷின் வந்த மாதத்தோடு நின்றுவிட்டார். அவர் வாங்கிக்கொண்டிருந்தது மாதம் 600 ரூபாய்.

2014 ஆவணியில் நடந்ததுதான் என்னை மாற்றியது. ஒரு பெரிய மண்டபம், கல்யாணத்தை மொத்தமாக எடுத்து நடத்தித் தருகிற ஆள் மூலமாக வந்த அழைப்பு. போனில் ஒரு தொகை சொன்னார், நான் சரி என்றேன், முன்பணம் கேட்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, வாசலில் தொடங்கி ஒன்றரை மணி நேரம். நாயனக்காரர் தோடி ராகத்தை விரித்துக்கொண்டிருக்கும்போது புகைப்படக்காரர் வந்து கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். எங்களுக்கு அடுத்ததாகச் செண்டை மேளம், பன்னிரண்டு பேர், ஆட்டம் பாட்டம், எல்லோரும் செல்போனை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். மறுநாள் முகூர்த்தம் முடிந்து கணக்குக்குப் போனால், பேசியதில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். கேட்டதற்கு, "நேத்து நீங்க பாதியிலேயே நிறுத்திட்டீங்களே" என்றார். செண்டைக்காரப் பையன் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். கேரளாவிலிருந்து வந்தவன் என்று நினைத்தால், அவன் தஞ்சாவூர்ப் பையன். அவர்கள் குழு வாங்கியது எங்கள் செட்டைப்போல மூன்று மடங்கு, அதிலும் பாதியை அச்சாரமாகக் கையில் வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏறியிருக்கிறார்கள்.

அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் தோளிலும் அதே பாரம்தான். ஆனால் அன்று ராத்திரி தூங்கவில்லை. எங்கள் தொழிலில் யாருமே கேட்டதில்லை என்று சொல்ல முடியாது, கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தனக்கு என்ன மரியாதை வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னவர் என்பார்கள், மேளக்காரர்கள் மேடையில் உட்கார்ந்து வாசிக்கிறதற்கே அவர் போராடியிருக்கிறார். குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினோடு வலயப்பட்டி சுப்பிரமணியம் அவர்களின் தவில் சபா சபாவாக ஒலித்தது, கோயில் வாசலைத் தாண்டி இந்த வாத்தியத்துக்கு டிக்கெட் வாங்கிக் கேட்கிற கூட்டம் வந்தது. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975-லேயே இறந்துபோனார், இன்றைக்கும் அவர் ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் பையன்கள் கை பழகுகிறார்கள். அவ்வளவு பெரிய வித்தையின் ஓரத்தில் நின்றுகொண்டு, பேசின கூலியைக்கூடக் கேட்டு வாங்க முடியாமல் வந்தேனே என்று இருந்தது.

அதற்கப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன். அழைப்பு வந்தால் போனிலேயே கேட்டுவிடுவேன்: எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை பேர், முதல் நாள் உண்டா, ஊர்வலம் எவ்வளவு தூரம், வண்டி யாருடையது, தங்க இடம் உண்டா. எல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, தொகையையும் அச்சாரத்தையும் சொல்வேன். சொன்ன பிறகு பேசாமல் இருப்பேன். இந்தப் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் இரண்டு நொடி மௌனமாக இருந்தாலே நானே "பார்த்துக் கொடுங்க" என்று குறைத்துவிடுவேன். இப்போது விடுவதில்லை. ஒருமுறை ஒருவர் அதே "ஒன்றரை மணி நேரம்தானே" கேள்வியைக் கேட்டார். "ஐயா, முகூர்த்தம் ஆறு டூ ஏழரை. நான் நாலு மணிக்கு உங்க மண்டபத்துல இருக்கணும். அதுக்கு ராத்திரி ஒரு மணிக்கு வீட்ல கிளம்பணும். அன்னைக்கு வேற ஒம்பது பேருக்கு முடியாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இது எனக்குத் தோணலை தம்பி" என்று அச்சாரத்தை அன்றைக்கே அனுப்பினார். ரேட்டைச் சொன்னதால் போன வாய்ப்புகளும் உண்டு, முதல் வருஷம் ஏழெட்டுக் கல்யாணம் போனது. வீட்டில் கஷ்டப்பட்டோம். ஆனால் வந்தவை பேசினபடி வந்தன.

செட்டுக்குள்ளும் மாற்றினோம். இப்போது மொத்தத் தொகை எல்லோருக்கும் தெரியும். பெரிய நாயனத்துக்கும் முதல் தவிலுக்கும் கூடுதல், அது நியாயம்தான், ஆனால் தாளம் போடுகிற பையன்வரை யாருக்கு எவ்வளவு என்று கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுகிறோம். இதை ஆரம்பிக்கும்போது பெரிய நாயனக்காரர் முகம் சுருங்கியது உண்மை. ஒரு சீசன் போனதும் அவரே, "இப்ப யாரும் லேட்டா வர்றதில்லடா" என்றார்.

2020 மார்ச் கடைசியில் எல்லாம் நின்றபோது அந்த நோட்டு இன்னொரு விதத்தில் உதவியது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் போனது, கோயிலும் பூட்டு. அச்சாரம் கொடுத்திருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, திருப்பித் தரக் கொஞ்ச நாள் கொடுங்கள் என்றேன். பதினோரு பேரில் எட்டுப் பேர், வைத்துக்கொள்ளுங்கள், தேதி மாறினால் நீங்களே வாசியுங்கள் என்றார்கள். அச்சாரம் வாங்கியிருக்காவிட்டால் அந்த எட்டு வீட்டுக்கும் எனக்கும் எந்த உறவும் இருந்திருக்காது. அந்தப் பணத்தில்தான் எங்கள் செட்டில் நாலு வீட்டு அடுப்பு எரிந்தது.

இப்போது என்னிடம் இரண்டு பையன்கள் வருகிறார்கள். ஒருவன் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் முடித்தவன், பாடம் சுத்தம், கை வேகம் நிறைய. போன வாரம் அவனுக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்தேன், நடுவிரலுக்கு மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் போன் அடித்தது. கை ஒட்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். கும்பகோணத்தில் ஐப்பசி முகூர்த்தம், தவில் ஒன்று வேண்டும் என்றார்கள். நேரம் கேட்டான், வண்டி கேட்டான், முதல் நாள் உண்டா என்று கேட்டான். தொகையைச் சொன்னான். அந்தப் பக்கம் சத்தமில்லை. அவன் என்னைப் பார்த்தான், நான் நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் பேசவில்லை. "சரிப்பா, அட்வான்ஸ் எந்த நம்பருக்கு அனுப்பறது?" என்றது போன்.