நூறு வெள்ளிப்பணம்

எருசலேமில் ஒலிவ மலை உச்சியில் இருக்கிற பரமண்டல ஜெப ஆலயத்துக்குள் நுழைந்தவுடன் எங்கள் குழுவில் எல்லோரும் தேடியது தமிழைத்தான். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் காலத்தில் இங்கே எழுந்த ஆலயத்தைப் பாரசீகர்கள் 614ஆம் ஆண்டு படையெடுப்பில் அழித்தார்கள். இன்றைக்கு இருப்பவை 19ஆம் நூற்றாண்டின் கர்மேல் கன்னியர் மடமும், பணம் போதாமல் பாதியில் நின்றுபோன கூரையில்லாத ஓர் ஆலயமும். வருகிறவர்களோ இவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில், பீங்கான் ஓடுகளில் எழுதிப் பதித்த பரமண்டல ஜெபம், இயேசு தம் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த அந்த ஜெபம், அங்கே இருக்கிறது.

தமிழ் ஓடுகளைக் கண்டுபிடித்ததும் ஒரே ஆரவாரம். ஆளாளுக்குப் படம் எடுத்து முடிக்கும்வரை போதகர் ஐயா பொறுமையாக நின்றார். பிறகு எல்லோரையும் சேர்ந்து ஜெபத்தைச் சொல்லவைத்தார். சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார். "இந்த ஜெபத்தில் ஒரே ஒரு விண்ணப்பத்துக்குத்தான் ஆண்டவர் உடனே விளக்கமும் சொன்னார். எது?" அன்றன்றுள்ள அப்பம் என்றார் ஒரு அம்மா. சோதனை என்றார் இன்னொருவர். ஐயா மத்தேயு ஆறாம் அதிகாரத்தைப் புரட்டி 14, 15ஆம் வசனங்களை வாசித்தார். மனுஷருடைய தப்பிதங்களை நீங்கள் மன்னித்தால் பிதா உங்களுக்கு மன்னிப்பார், மன்னியாவிட்டால் மன்னியார். ராஜ்யத்துக்கும் அப்பத்துக்கும் சோதனைக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இதற்கு மட்டும் தேவைப்பட்டிருக்கிறது.

"எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரியை விவரம் தெரிந்த நாள் முதலாகச் சொல்லி வருகிறேன். ஆனால் என் கடனாளிக்குப் பெயரும் முகமும் உண்டு. நெருங்கிய நண்பன். அவன் வாங்கிய கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். தவணை நின்றது, அவன் ஊரைவிட்டுப் போனான், கடன் என் தலையில் விழுந்தது. மகளின் படிப்புக்குச் சேர்த்த பணம் அதில்தான் கரைந்தது. "மறந்துவிடு, பணம்தானே" என்று சபையில் பலர் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவராவது ஒரு தவணையைக் கட்டிப் பார்த்திருந்தால் அந்தத் "தானே" வாயில் வந்திருக்காது.

அன்றிரவு விடுதியில் மத்தேயு 18ஐ எடுத்தேன். பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனின் உவமை. ராஜா அவ்வளவையும் தள்ளிவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையை நெரிக்கிறான். பிரசங்கங்களில் அந்த நூறை அற்பத்தொகை என்று சொல்லியே கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. திராட்சத்தோட்ட உவமையில் ஒரு நாள் கூலி ஒரு பணம், அதே வெள்ளிப்பணம்தான். அப்படியானால் நூறு என்பது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. கூலிக்காரன் வீட்டில் அது அடுப்பு எரியாத நாட்கள். ஆண்டவர் நினைத்திருந்தால் ஒரு காசு, இரண்டு காசு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தாலந்தோ ஏறத்தாழ ஆறாயிரம் வெள்ளிப்பணம். இயேசுவின் காலத்தில் கலிலேயா, பெரேயா இரண்டையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு அவற்றிலிருந்து ஆண்டுக்குக் கிடைத்த வருவாயே 200 தாலந்துதான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கணக்குப்படி, உவமையில் தள்ளுபடியானது ஓர் ஆட்சிப்பகுதியின் ஐம்பது ஆண்டு வரிப்பணம். எனக்கு நேர்ந்ததைச் சிறிதாக்கிக்கொள்ளும்படி வேதம் என்னிடம் கேட்கவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நூறு நூறாகவே இருக்கட்டும். அதற்கு முன்னால் எனக்குத் தள்ளுபடியான தொகையைப் பார் என்கிறது. என் பதினாயிரத்தின் விவரத்தை இங்கே விரிக்கப்போவதில்லை. அது ராஜாவுக்கும் எனக்கும் உள்ள கணக்கு.

மறுநாள், இயேசுவின் கல்லறை இருந்ததாகக் கருதப்படும் கல்லறை ஆலயம். கூட்டம், தள்ளுமுள்ளு, மெழுகுவர்த்திப் புகை. ஆறு சபைப் பிரிவுகள் பங்குபோட்டு ஆளும் ஆலயம் அது. வாசல் சாவியும் கதவும் தலைமுறை தலைமுறையாக இரண்டு இஸ்லாமியக் குடும்பங்களின் பொறுப்பில் இருக்கின்றன. முகப்பு ஜன்னலுக்குக் கீழே ஒரு மர ஏணி 18ஆம் நூற்றாண்டிலிருந்தே சாய்ந்து நிற்கிறது. ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்கு உரிமைப் பிரச்சினை. 2008இல் அர்மேனியத் துறவிகளும் கிரேக்கத் துறவிகளும் உள்ளேயே கைகலந்தார்கள். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று இயேசு சிலுவையில் சொன்ன வார்த்தை பிறந்த இடமாகக் கருதப்படும் கொல்கொதாவும் அதே கூரையின் கீழ்தான். எனக்குக் கோபம் வரவில்லை, ஒருவகை ஆறுதல்தான் வந்தது. மன்னிப்பதில் தடுமாறுகிறவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

சீயோன் மலைச் சரிவில், இயேசு பிடிபட்ட இரவில் அவரைத் தெரியாது என்று சீஷன் பேதுரு மறுதலித்ததை நினைவுகூரும் கல்லிகாந்து ஆலயத்தின் முற்றத்தில் ஒரு வெண்கலச் சிற்பம். வேலைக்காரி கேட்கிறாள், பேதுரு கைவிரித்து மறுக்கிறார், தூணின் உச்சியில் சேவல். யோவான் சுவிசேஷத்தின்படி அந்த இரவில் பேதுரு குளிர்காய்ந்தது கரிநெருப்பில்.

இரண்டு நாள் கழித்துக் கலிலேயாக் கடற்கரையில் தப்கா. 1933இல் பிரான்சிஸ்கன் சபையார் கட்டிய, கருங்கல்லாலான சின்ன ஆலயம். பலிபீடத்துக்கு முன்னால் தரையிலிருந்து ஒரு பெரிய சுண்ணாம்புப் பாறை துருத்திக்கொண்டிருக்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்களுக்குக் காலை உணவு வைத்த பாறை என்பது மரபு. மேற்பரப்பு கரடுமுரடாக, மேடும் பள்ளமுமாக இருக்கிறது. மேசை என்று மரியாதைக்குச் சொல்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிட வசதியான கல் இல்லை.

யோவான் 21ஐ அங்கேயே வாசித்தோம். கரையிலும் கரிநெருப்பு. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். ஏன் மறுதலித்தாய் என்ற கேள்வி அந்த அதிகாரம் முழுவதிலும் இல்லை. முதலில் "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்". சாப்பிட்டு முடித்த பிறகுதான் "என்னில் அன்பாயிருக்கிறாயா?" அந்தக் கேள்வி மூன்று முறை வந்ததும் பேதுரு துக்கப்பட்டார். மறுதலித்ததும் மூன்று முறைதான். நடந்ததை யாரும் மூடி மறைக்கவில்லை. ஆனால் பசியாற்றிய பிறகே அது பேச்சுக்கு வந்தது. இந்த வரிசையை நான் அதுவரை கவனித்ததில்லை. நண்பன் முதலில் வந்து வருத்தம் தெரிவிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றுதான் நான் காத்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் அவனுடைய எண்ணை விசாரித்து வாங்கிப் பேசினேன். என் குரல் கேட்டதும் நீண்ட நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று தொடங்கினான். "அதற்காகக் கூப்பிடவில்லை. அந்தக் கணக்கு முடிந்தது" என்றேன். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா இறந்துவிட்டதைச் சொன்னான். அந்த அம்மா கையால் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். அதைப் பற்றித்தான் மீதி நேரமெல்லாம் பேசினோம்.

போனை வைத்ததும் மனைவி கேட்டாள்: "இனிமேல் அவர் வந்து ஜாமீன் கேட்டால் என்ன செய்வீர்கள்?"

"சாப்பாடு போடுவேன். கையெழுத்துப் போடமாட்டேன்."

"சரி, ஒருநாள் வரச்சொல்லுங்கள்" என்றாள்.