ஜூஜுட்சு: மேல்நிலைப் பயிற்சியில் மாறுவது எது?

ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜூஜுட்சுவில் தொடக்கநிலைப் பட்டைகளைக் கடந்தவர்கள் பலர், அதுவரை கற்றுத்தரப்படாத அரிய பிடிகள் இனிமேல்தான் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். நானும் பயிற்சிக் கூடத்தில் இந்த எதிர்பார்ப்பை அடிக்கடி பார்க்கிறேன். ஆனால், தற்காப்பை மனத்தில் வைத்துப் பயில்கிறவருக்கு மேல்நிலைப் பயிற்சி பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த உத்திகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் வழியைத்தான் கற்றுத்தருகிறது.

கோத்தே காயேஷி எனும் மணிக்கட்டுத் திருகலை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் நம்முடன் பயில்பவர் கையைத் தளர்வாக நீட்டுவார். நாம் மணிக்கட்டை வெளிப்புறமாக மடக்கியதும் விழுந்துவிடுவார். உண்மையில் தாக்க வருகிறவர் கையை இறுக்குவார், பின்னுக்கு இழுப்பார், மற்றொரு கையால் குத்துவார். அவ்வேளையில் மணிக்கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது வீண். அவர் இழுக்கும் திசையிலேயே நாமும் ஓரடி உள்ளே நுழைந்து, அவருடைய எடை குதிகாலுக்குச் சாய்கிற அந்தக் கணத்தில், ஓசோத்தோ காரி என்னும் கால்வாரலுக்கு மாறிவிட வேண்டும். எதிராளியின் சமநிலையைக் குலைக்கும் இந்தச் செயலையே குஸுஷி என்கிறார்கள். இது கைகூடாதவரை எந்த எறிதலும் வெறும் உடல்வலிமைப் போட்டியாகவே முடியும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த உணர்வு எதிர்ப்புக் காட்டும் ஆளோடு பயின்றால்தான் வரும். தென்ஜின் ஷின்யோ, கித்தோ ஆகிய ஜூஜுட்சு மரபுகளில் பயின்ற கானோ ஜிகோரோ, 1882இல் கோடோகன் என்னும் ஜூடோ பயிற்சிப் பள்ளியை நிறுவியபோது, ஆபத்தான உத்திகளை ஒதுக்கிவைத்து, எஞ்சியவற்றை முழு விசையோடு மோதிப் பழகும் ரந்தோரிக்கு முதன்மை இடம் தந்தார். 1956இல் கோடோகன் வகுத்த தற்காப்புத் தொகுப்பிலோ 21 உத்திகள் உள்ளன. அவற்றுள் 12 வெறுங்கைத் தாக்குதலுக்கும், 9 கத்தி, தடி, கைத்துப்பாக்கி ஆகியவற்றுக்கும் உரியவை. எதிர்ப்போடு மோதும் ரந்தோரி, வகுத்த உத்திகளைப் பழகுவது என இரண்டு வகைப் பயிற்சியும் தேவை என்றே நான் நினைக்கிறேன். கத்தியைப் பொறுத்தவரை, ஓட வழியிருந்தால் ஓடுவதே முதல் உத்தி.

கழுத்துப் பிடிகளில் கூடுதல் கவனம் வேண்டும். கழுத்தின் இருபக்க நாடிகளும் சரியாக அழுந்தினால் ஏறத்தாழ 10 நொடிகளுக்குள் நினைவு தப்பிவிடும். ஆகையால் தேர்ந்த ஆசிரியர் அருகில் இல்லாமல் இதைப் பழகக் கூடாது. எதிரே இருப்பவர் ‘போதும், விடு’ என்பதற்கு அடையாளமாகக் கையால் தட்டியவுடன், அது எவ்வளவு மெல்லிய தட்டலாக இருந்தாலும், விட்டுவிட வேண்டும். குதிகால் திருகலில் வலி தெரியும் முன்பே முழங்கால் தசைநார் கிழிந்துவிடக்கூடும் என்பதால், அங்கே தட்டுவதற்குக் காத்திருப்பதும் தவறு.

பெரும்பாலான வகுப்புகள் எதிராளி விழுந்ததோடு பயிற்சியை நிறுத்திவிடுகின்றன. தற்காப்புக்குப் பயில்கிறவர், பிடியை விடுவித்து, எழுந்து, சுற்றிலும் வேறு யாரேனும் வருகிறார்களா என்று பார்த்து, அவ்விடத்தை விட்டு விலகுவதுவரை ஒவ்வொரு முறையும் சேர்த்தே பழக வேண்டும்.