காரைக்குடி பலகாரக் கடை பில்லிங்கை லினக்ஸுக்கு மாத்துன அனுபவம்

காரைக்குடி கல்லுக்கட்டி பக்கம் எங்க பலகாரக் கடை. பில் போடுற சாஃப்ட்வேர் விபி6ங்கிற பழைய மைக்ரோசாஃப்ட் மொழில எழுதுனது, டேட்டா முழுக்க எம்எஸ் அக்சஸோட எம்டிபி ஃபைல்ல, எழுதிக் குடுத்தவர் இப்ப இந்தத் தொழில்லயே இல்ல. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, கடை மெஷின் நாலாவது ஜெனரேஷன் ஐ5, விண்டோஸ் 11 கேக்குற ப்ராசசர் லிஸ்ட்லயே அது வராது. நல்லா ஓடுற மெஷினைத் தூக்கிப்போட மனசு வரல, விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்குற லினக்ஸ் மிண்ட் 22 போட்டேன்.

சாஃப்ட்வேரையும் சேத்து மாத்திடலாமேன்னு நிறைய பேர் சொன்னாங்க. ஆனா கடையில பில் போடுற எங்க அப்பச்சிக்கு எஃப்2 தட்டுனா புது பில், ஐட்டம் நம்பர் 14ன்னா தேன்குழல், 22ன்னா மணகோலம், விரல் பாட்டுக்குப் போகும், தீபாவளிக் கூட்டத்துல ஸ்கிரீனைக்கூடப் பாக்க மாட்டாங்க. அந்தக் கைப்பழக்கத்தைக் கலைக்கக் கூடாதுங்கிறதுல நான் உறுதியா இருந்தேன்.

அதனால பழைய சாஃப்ட்வேரையே லினக்ஸ்ல ஓட்ட வைன்னு ஒண்ணை எடுத்துக்கிட்டேன். இது இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற எமுலேட்டர் இல்ல, ப்ரோக்ராம் விண்டோஸ்கிட்ட கேக்குறதை எல்லாம் லினக்ஸ்கிட்ட கேட்டு வாங்கிக் குடுக்குற லேயர், 1993ல இருந்து வளந்துட்டு வருது. முதல்ல பண்ண வேண்டியது இந்த ஒரு சாஃப்ட்வேருக்குன்னே தனி ப்ரிஃபிக்ஸ், அதாவது வைன் தனக்குன்னு ஒரு சி டிரைவ் மாதிரி வச்சிக்கிற ஃபோல்டர், அதுவும் 32 பிட்ல. ஏன்னா எம்டிபியைத் திறக்குற ஜெட் 4.0ங்கிற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் இன்ஜின் 32 பிட்ல மட்டும்தான் இருக்கு. அப்புறம் வைனுக்குத் தேவையான விண்டோஸ் ஃபைல்களை இறக்கிக் குடுக்குற வைன்ட்ரிக்ஸ் வழியா, விபி6 ப்ரோக்ராம் ஓடத் தேவையான ரன்டைம், டேட்டாபேஸோட பேச வைக்கிற எம்டாக், ஜெட் மூணையும் ஏத்திட்டு அதுக்கப்புறம் செட்டப்பை ஓட்டுனேன். லாகின் ஸ்கிரீன் வந்துருச்சு, பழைய பில்லெல்லாம் திறந்துச்சு.

ஆனா ஐட்டம் பேர் ஒண்ணுகூட தமிழ்ல இல்ல. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா, நடுநடுவுல செமிகோலனா கிடக்கு. டேட்டா கெட்டுப்போச்சுன்னு பயந்துறாதீங்க, இது பாமினி ஃபான்ட் விஷயம். அது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி நம்பர் குடுக்குற யூனிகோடு பரவுறதுக்கு முந்துன காலத்து வழி, இங்கிலீஷ் எழுத்து இருக்குற இடத்துலயே தமிழ் எழுத்தை வரைஞ்சு வச்சிருப்பாங்க, புள்ளி இருக்குறது செமிகோலன் இடத்துல. ஃபான்ட் இல்லாட்டி அடியில கிடக்குற இங்கிலீஷ் தெரியும், அவ்ளோதான். பழைய சி டிரைவ்ல விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருந்த பாமினி ஃபைலை ப்ரிஃபிக்ஸ் உள்ள அதே பேர்ல இருக்குற ஃபோல்டர்ல போட்டு ப்ரோக்ராமை மூடித் திறந்தேன், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டைன்னு வரிசையா வந்து நின்னுச்சு. பக்கத்துல நின்ன அப்பச்சி, "அட, நம்ம கணக்கேதான்பா"ன்னாங்க. எனக்கு அது போதும். யூனிகோடுக்கு மாத்துறேன்னு அந்த எம்டிபி உள்ள கை வைக்காதீங்க, சாஃப்ட்வேருக்கு யூனிகோடு தெரியாது.

தேதியையும் பாத்துக்கோங்க, மிண்ட்ல மொழியை இங்கிலீஷ் இந்தியான்னு வச்சாதான் நாள் முதல்ல, மாசம் அப்புறம்னு வரும், அமெரிக்கா செட்டிங்ல மாசம் முதல்ல வந்து அன்னன்னைக்குக் கணக்கே புரண்டுபோகும்.

அடுத்து பிரின்டர். எங்களுது டாட் மேட்ரிக்ஸ், யுஎஸ்பி. சாதாரண பிரின்டரா இருந்தா மிண்ட்ல சேத்தாலே வைனுக்கும் தெரிஞ்சிரும், ஆனா இந்த சாஃப்ட்வேர் நேரா எல்பிடி1ங்கிற பழைய பிரின்டர் போர்ட்டுக்குத்தான் எழுதும், விண்டோஸ்லயே அதை யுஎஸ்பி பிரின்டருக்குத் திருப்பிவிட நெட் யூஸ் கமாண்ட் போட்டுத்தான் ஓட்டிட்டு இருந்தோம். வைனோட செட்டிங் எல்லாம் இருக்குற ரெஜிஸ்ட்ரில போர்ட்ஸ்னு ஒரு கீ உண்டு, அதுல எல்பிடி1க்கு நேரா லினக்ஸ் அந்த பிரின்டருக்குக் குடுத்த டிவைஸ் ஃபைலோட பாதையை எழுதி, நம்ம யூசரை பிரின்டருக்கு எழுத அனுமதி இருக்குற எல்பி குரூப்ல சேத்து, லாக் அவுட் பண்ணி வந்தா பேப்பர் நகருது.

இப்ப ராத்திரி கடை சாத்துறப்ப ப்ரிஃபிக்ஸ் ஃபோல்டர் முழுசையும் பென்டிரைவுக்குக் காப்பி எடுத்துடறோம், ப்ரோக்ராம், ஃபான்ட், டேட்டா, ரெஜிஸ்ட்ரி எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம். யுஎஸ்பி டாங்கிள் லாக் வச்ச சாஃப்ட்வேர், அதாவது ஒரு சின்ன யுஎஸ்பி சாவியைச் செருகினாதான் ஓடுறது, வச்சிருக்குறவங்க மட்டும் வைனை நம்பி இறங்காதீங்க, அதோட டிரைவர் விண்டோஸ் கெர்னலைத் தேடும், பெரும்பாலும் கிடைக்காது, அதுக்கு லினக்ஸ் உள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடுற விர்ச்சுவல்பாக்ஸ்ல பழைய விண்டோஸையே இன்டர்நெட் இல்லாம வச்சு ஓட்டிக்கலாம்.