நான்காம் வகுப்புக்கு வந்த புதிய மாணவி

2024 ஜூன் 18, திருப்பூர்

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் ஒருவர் இன்று தம் மகளை நான்காம் வகுப்பில் சேர்த்தார். மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. அது வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் என்று எடுத்துச் சொன்ன பிறகே உட்கார்ந்தார்.

நான்தான் தவறு செய்தேன். வகுப்பின் முன் அவளை நிறுத்திப் பெயரைச் சொல்லச் சொன்னேன். நாற்பது கண்கள் ஒரே நேரத்தில் பார்த்ததும் குழந்தை குனிந்துகொண்டாள். பிள்ளைகள் கைதட்டியது அவளை மேலும் ஒடுங்க வைத்தது.

ஜூன் 19

காலை உணவுக்கு வெண்பொங்கல். தட்டை ஏந்தியபடி எந்த வரிசையில் உட்காருவதென்று தெரியாமல் தூணருகே நின்றாள். வரவேற்பு என்பது முதல் நாள் கைதட்டலில் இல்லை, சாப்பிடும்போது பக்கத்தில் யார் இடம் கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்று தோன்றியது. இரண்டு மாணவிகளைத் தனியே அழைத்து, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, கை கழுவும் இடம் ஆகியவற்றைக் காட்டுவதும் உடன் அமர்ந்து உண்பதும் இந்த வாரம் உங்கள் பொறுப்பு என்றேன். தமிழ் கற்றுக்கொடுக்கச் சொல்லவில்லை. அவளிடமிருந்து தினம் ஒரு சொல்லைக் கற்று வந்து எனக்குச் சொல்லுங்கள் என்றேன்.

ஜூன் 25

பாணி என்றால் தண்ணீர், பாத என்றால் சோறு. இரண்டையும் கரும்பலகையில் தமிழில் எழுதி, அருகே ஒடியாவில் எழுத அவளையே அழைத்தேன். வட்டம் வட்டமான அந்த எழுத்துகளைப் பார்த்த ஒருவன், "டீச்சர், எல்லா எழுத்தும் தொப்பி போட்டிருக்கு" என்றான். அவள் முதன்முறையாகச் சிரித்தாள்.

ஜூலை 5

மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஐந்தாங்கல். கற்களைத் தூக்கிப்போட்டுப் புறங்கையில் ஏந்தும் லாவகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால், அவளைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள இப்போது போட்டியே நடக்கிறது. விலகி நின்று கவனித்தேன். விழுந்த கல்லை ஒருத்தி காலால் தள்ளி மறைத்ததும், ஒடியாவில் படபடவென்று ஏதோ சொல்லிவிட்டு, தெளிவான தமிழில் கத்தினாள்: "அழுகுணி ஆட்டம் ஆடாதே!"